எழுநூற்று இருபது அடியில் கடைசிப் பாகம்

புத்தகத்தைக் கிழிப்பது பாவம் என்று சொல்கிறவர்கள் யாரும் ரிக் வண்டியில் ஒரு மாதம் இருந்து பார்த்ததில்லை. சத்தீஸ்கரில் எங்கோ ஒரு பொட்டல் காடு. போர்க் கிணறு தோண்டும் ரிக் லாரி ஒன்று, கம்ப்ரசர் லாரி ஒன்று, ஆட்கள் எட்டுப் பேர். கண்ணில் படும் தமிழ் எழுத்து என்று பார்த்தால் லாரி நெற்றியில் முதலாளி எழுதி வைத்த குலதெய்வத்தின் பெயரும், ஒரே ஒரு தடித்த நாவலும்தான். அதை ஒருவன் பிடித்துக்கொண்டு இருபது நாள் படித்தால் மற்ற ஏழு பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருப்பது? அதனால் கிழித்தார்கள். முதுகைப் பிளந்து, ஐந்து பாகமாக்கி, ஒவ்வொன்றையும் கட்டுக்கம்பியால் தைத்து, ஆளுக்கு ஒன்றாகச் சுற்றுக்கு விட்டார்கள்.

மூன்றாம் பாகம் கையில் கிடைத்தவன் மூன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். தலையும் புரியாது, வாலும் புரியாது. அதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து சாப்பிட உட்காரும்போது அவனவன் படித்ததை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாதவன் எட்டுப் பேர் தட்டையும் கழுவ வேண்டும்.

புத்தகத்தை வாங்கியதும் கிழித்ததும் குமரகுரு. சேந்தமங்கலத்துக்காரர். அப்பாவின் கிணறு வற்றி, நாலு ஏக்கரும் காய்ந்து கிடந்த வருடம், பத்தொன்பது வயதில் ரிக் ஏறினார். சொந்தக் காட்டில் தண்ணீர் இல்லை என்று கிளம்பியவர் அடுத்த இருபது வருடம் ஊரான் காட்டில் எல்லாம் தண்ணீர் கண்டுபிடித்துக் கொடுத்தார். எதையும் குடைந்து பார்க்காமல் விடாத குணம் அவருக்கு. எந்த ஊருக்குப் போனாலும் கீழே என்ன பாறை, எத்தனை அடியில் நிறம் மாறும் என்று உள்ளூர்க்காரர்களைப் பிடுங்கி எடுப்பார். டிரில்லர் வேலைக்கு அந்தக் குணம் தோதாகத்தான் இருந்தது. வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமம்.

அந்த நாவலைத் திருச்செங்கோட்டில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கினார். அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கமும் இல்லை. எழுதியது யார், பெயர் என்ன, ஒன்றும் தெரியாது. காவிரிக்கரையில் பரிசல் ஓட்டும் குடும்பத்தின் கதை. தங்கநாச்சி என்று ஒருத்தி, அவள் புருஷன் கடல் தாண்டிப் பிழைக்கப் போய்விடுகிறான். ஆட்கள் அதற்குப் பரிசல் கதை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அன்றைக்குத் தங்கநாச்சிக்குக் கஷ்டம் வந்துவிட்டால் மறுநாள் கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவிலும் ஏழு பேரும் அவளைப் பற்றித்தான் கத்திக்கத்திப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒருவன் மட்டும் வாயே திறக்க மாட்டான். வீரன். மேச்சேரிக்காரன், துளைக்குள் இறக்கும் இருபதடி இரும்பு ராடுகளை மாட்டுகிறவன், குமரகுருவைவிட நாலு வயது இளையவன். தன் பங்குக்கு வந்த பாகத்தை ஒரு நாளும் சொன்னதில்லை. “எனக்குச் சொல்ல வராதுங்ணா” என்று தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்துவிடுவான். கடைசியில் சுற்று வந்து, முடிவு முன்னாலேயே தெரிந்துவிடக் கூடாது என்று யாரும் படிக்காமல் எடுத்து வைத்திருந்த ஐந்தாம் பாகம் முதன்முதலாக அவன் கைக்குத்தான் போனது. அன்றைக்குக் குமரகுரு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “இந்தத் தடவ தட்டுக் கழுவற கதையெல்லாம் ஆகாது வீரா. நாளைக்குப் பொழுதோட உக்காந்து வாய்விட்டுப் படிக்கோணும், ஆமா.”

மறுநாள் மத்தியானம் முப்பத்தாறு ராடு இறங்கியிருந்தது. எழுநூற்று இருபது அடி. ராடுகளை மேலே எடுத்துக் குழியை மூடப் போன நேரம் வீரனின் இடுப்பிலிருந்து ஐந்தாம் பாகம் நழுவி ஆறரை அங்குலக் குழிக்குள் போய்விட்டது. எல்லோரும் ஓடி வந்து குழியைச் சுற்றி நின்று உள்ளே பார்த்தார்கள். என்ன தெரியும்? இருட்டுதான் தெரிந்தது. கதிர்வேல் என்கிற கம்ப்ரசர் டிரைவர் அழாத குறை. வீரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “நான் படிச்சு முடிச்சுட்டன், சொல்றன்” என்றான்.

சொன்னான் பாருங்கள். எட்டு மாதம் ஊமையாக இருந்தவன் அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினான். ஆற்றில் வெள்ளம் வருகிறது. நிறைமாதக்காரி தங்கநாச்சி பரிசலோடு சுழலில் மாட்டுகிறாள். போய்விட்டாள் என்று ஊர் அழுது முடிக்கும்போது மூன்றாம் நாள் அக்கரையிலிருந்து ஒரு பரிசல் வருகிறது. அதில் தங்கநாச்சி, அவள் மடியில் ஒரு பெண் குழந்தை. “கொழந்தைக்கு என்ன பேரு வெச்சாங்க?” என்று கதிர்வேல் கேட்டான். “மதுமதி” என்றான் வீரன். குமரகுரு தலைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அவருக்கே பெண் பிறந்தது. அந்தக் குடும்பத்தில் மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர்தான் வைக்க வேண்டும். அவர் அம்மா சென்னியம்மாள் அதற்காகவே புதுச்சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். குமரகுரு குழந்தையின் காதில் மதுமதி என்று மூன்று முறை சொன்னார். “எந்தச் சிறுக்கி பேருடா அது?” என்று அம்மா கேட்டாள். “புத்தகத்துல இருக்குதும்மா” என்றார். அம்மா அதற்குப் பிறகு ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும் பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை, சாகும்வரை ‘சாமி’ என்று மட்டும்தான் கூப்பிட்டாள். அந்த ஒரு விஷயத்தில் குமரகுருவுக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. ஆனாலும் புத்தகத்தில் உள்ள பெயர் அல்லவா என்று அதைத் தடவிக் கொடுத்துக்கொள்வார்.

இப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. முதுகு விட்டுப்போனதால் ரிக் வேலையை விட்டுவிட்டு, சுற்றுப்பட்டுக் காடுகளில் போர் மோட்டார் ஏற்றி இறக்கிக் கொடுக்கிறார். மகள் மதுமதி நாமக்கல்லில் கோழித் தீவனம் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே யாரோ அவளிடம் பெயருக்கு என்ன கதை என்று கேட்க, “எங்கப்பா படிச்ச நாவல்ல வர்ற பேருங்க” என்று சொல்லியிருக்கிறாள். எந்த நாவல் என்று கேட்டதற்குத்தான் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டாள். குமரகுரு பரண் மேலிருந்து மஞ்சள் பையை இறக்கினார். நான்கு பாகங்கள், கட்டுக்கம்பி துருப்பிடித்து, கிரீஸ் விரல் தடங்களோடு. அவள் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலிருந்து ஒரு வரியை அப்படியே போனில் தட்டினாள். டீ ஆறுவதற்குள் புத்தகம் வந்துவிட்டது. பழைய நூல்களைத் தட்டச்சு செய்து போடுகிற யாரோ புண்ணியவான்கள் இதையும் போட்டு வைத்திருந்தார்கள்.

“அப்பா, மொத்தமும் இருக்குதுங்க. மொதல் பதினாறு பக்கமும் இருக்குது!”

குமரகுரு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அந்தப் பதினாறு பக்கத்தைப் படித்தார். தங்கநாச்சியின் நெற்றியில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தெரியாது. சின்ன வயதில் துடுப்பு பட்டதாம். அடடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

கடைசிக்குத் தாவ அவருக்கு மனம் வரவில்லை. முடிவுதான் தெரியுமே. ராடு ராடாக இறங்குகிற மாதிரி வரிசையாகவே போவோம் என்று முடிவு செய்தார். போனில் படிப்பது அவருக்குப் புதிது, அதனால் அதையும் குடைய ஆரம்பித்துவிட்டார். எழுத்தைச் சுவர் விளம்பரம் அளவுக்குப் பெரிதாக்க முடிந்தது, கண்ணாடி தேட வேண்டியதில்லை. அதில் அவருக்குச் சந்தோஷம். ஆனால் மாமனார் தங்கநாச்சியை அறைந்த இடம் தாளில் எங்கே என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்: நான்காம் பாகம், இடது பக்கம், கதிர்வேலின் கட்டைவிரல் கிரீஸுக்குக் கீழே. போனிலோ தள்ளத் தள்ள எல்லாப் பக்கத்துக்கும் ஒரே முகம். எங்கே இருக்கிறோம் என்று அடியில் ஒரு சதவீதம் காட்டுகிறது. அறுபத்து மூன்று சதவீதம் என்றால் எத்தனை அடி? அவர் கைக்கு அது புரியவில்லை. தாளில் படித்த தடிமனைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தால் போதும், இறங்கியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று கை சொல்லிவிடும்.

எதில் படித்தால் ஞாபகம் நிற்கிறது என்று பார்க்க ஒரு வாரம் சோதனை வைத்தார். காலையில் ஒரு அத்தியாயம் தாளில், மத்தியானம் ஒரு அத்தியாயம் போனில். கேள்வி கேட்கும் பொறுப்பு மனைவி மாரக்காளுக்கு. அவள் இரண்டு நாள் கேட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள், “ரெண்டுலயுமே நான் வாங்கியாரச் சொன்ன தக்காளி உங்களுக்கு ஞாபகம் இல்லீங்களே” என்று எழுந்து போய்விட்டாள்.

நான்காம் பாகம் முடிந்த இடத்தைத் தாண்டி, அவர் இதுவரை கண்ணால் பார்க்காத ஐந்தாம் பாகம் போனில் ஆரம்பித்தது. இனி தாள் இல்லை, போன் மட்டும்தான். ஆற்றில் வெள்ளம் வந்தது. தங்கநாச்சி பரிசலில் ஏறினாள். அடுத்த அத்தியாயத்தில் அவள் புருஷன் ஊர் திரும்புகிறான், காலி வீட்டைப் பார்க்கிறான், கவிழ்ந்து கிடக்கும் பரிசல் மேல் போய் உட்காருகிறான். முற்றும் என்று போட்டிருந்தது. மூன்றாம் நாளும் இல்லை, அக்கரைப் பரிசலும் இல்லை. அவள் நிறைமாதமாக இருந்ததாகவே புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

“போன்ல பாதிய ஏத்தாம உட்டுட்டாங்களாட்டம் இருக்குது” என்றார் மகளிடம். அச்சில் இருந்ததைத்தான் வீரன் சொன்னான். அச்சு பொய் சொல்லாது. ஆகவே தப்பு போனில்தான்.

“அப்பா, அதுல அத்தியாய நம்பரெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது.” மதுமதி தேடும் கட்டத்தில் தங்கநாச்சி என்று போட்டாள். அறுநூற்றுப் பதினோரு இடம் காட்டியது. பிறகு, கொஞ்சம் தயங்கி, தன் பெயரைப் போட்டாள். ஒரு இடம்கூட இல்லை.

அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். “அப்ப நான் எங்கிருந்துங்கப்பா வந்தேன்?” என்றாள். குமரகுருவால் சிரிக்க முடியவில்லை. புதுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்த அம்மாதான் கண் முன்னால் வந்தாள். புத்தகத்தில் இருக்கிறது என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாரே! புத்தகத்தில் இல்லை என்றால் எதற்காக அவள் பெயரைத் தள்ளினார்? அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போன் பொய்யா, வீரன் பொய்யா, அது தெரிந்தாக வேண்டும்.

கதிர்வேலிடம் வீரனின் நம்பர் இருந்தது. கூப்பிடலாமே என்றாள் மாரக்காள். “போன்ல கேட்டா மூஞ்சி தெரியாது. நேர்ல போய்ட்டு வாரேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது மதுமதியும் செருப்பை மாட்டினாள். “எம் பேருங்கப்பா. நானும் வாரேன்.”

சேலம் போய், ஓமலூர் மாறி, மேச்சேரியில் இறங்கும்போது மணி பதினொன்று. ஊரைத் தாண்டி ஒரு வேலங்காட்டு ஓரத்தில் வீரன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். முப்பது செம்மறி இருக்கும். தூரத்திலேயே ஒரு பெண் குரல் கேட்டது. யாரோ அம்மா கதை படிக்கிறாள். பக்கத்தில் போனதும்தான் அந்தக் குரல் வீரனின் சட்டைப் பையில் இருக்கும் போனிலிருந்து வருகிறது என்று தெரிந்தது.

“அட, வாங்கண்ணா! வாங்க சாமி!” வீரன் தலைத்துண்டை உருவிக்கொண்டு ஓடி வந்தான். தலை பூராவும் நரைத்திருந்தது. “எத்தன வருசமாச்சுங்ணா! பாப்பா யாருங்க?”

“எம் பொண்ணுடா. மதுமதி.”

வீரன் அவளைப் பார்த்தான். பிறகு அவர் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தான். சட்டைப் பையில் கைவிட்டு அந்த அம்மாளின் குரலை நிறுத்தினான்.

குமரகுரு சுற்றி வளைக்கவில்லை. “வீரா, ஒண்ணே ஒண்ணு கேக்கறன். அந்தக் கடைசிப் பாகத்த நீ படிச்சியா, இல்லியா?”

“படிக்கலீங்ணா.”

“ஏன்?”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்ணா. ரெண்டாங் கிளாசோட நின்னு போச்சு. பஸ்சு போர்ட எழுத்துக் கூட்டுவன், அவ்வளவுதான்.”

“எட்டு மாசம் பக்கத்தப் பக்கத்தத் திருப்பீட்டு உக்காந்திருந்தியேடா!”

“நீங்க திருப்பறப்ப நானும் திருப்புவனுங்க.”

குமரகுருவுக்குச் சுருக்கென்றது. எட்டுப் பேர் தட்டும் எதற்காகக் கழுவினான் என்று இருபத்திரண்டு வருடம் கழித்து விளங்கியது. மண்ணுக்கு அடியில் எழுநூறு அடியில் என்ன இருக்கிறது என்று குடைந்து பார்த்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைக் குடைந்து பார்க்கவில்லை. ஆனாலும் கோபம் போகவில்லை.

“கை தவறி உழுந்துச்சுன்னியே?”

“நாந்தான் போட்டனுங்ணா. மறுநாளு வாய்விட்டுப் படிக்கோணும்னு சொல்லிப்போட்டீங்க. ஏழு பேரு முன்னால அந்த மானம் போறதுக்கு அது போவட்டும்னு போட்டன்.”

“சொல்லியிருந்தா நான் படிச்சுக் காட்டியிருப்பனேடா. நீ சொன்ன பேர நம்பி எங்கம்மா பேர வெக்காம உட்டுட்டன். அவ செத்தும் போயிட்டா, தெரியுமா உனக்கு?” குமரகுருவின் குரல் உடைந்தது. ஆடுகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

 வீரன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். “நெசக் கதை எனக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே தெரியுமுங்ணா. இதுல ஒரு அம்மா கதை கதையாப் படிச்சுப் போடறாங்க. ஆட்டுக்குப் பின்னாலயே கேட்டுட்டுப் போவன். ஒரு நாளு ஏதோ ஒரு கதை ஓடுது, திடீர்னு தங்கநாச்சின்னாங்க. கையி காலு ஓடல எனக்கு, அங்கயே உக்காந்துட்டன். ஆடு அடுத்தவன் சோளத்துல பூந்தது கூடத் தெரியல. பதினாறு நாளு கேட்டன். நம்ம வண்டியில அவனவன் சொன்னதெல்லாம் அப்படியே வந்துச்சுங்ணா, நாஞ் சொன்னதத் தவிர. அவ பொழைக்கலீங்களே!” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “உங்களுக்குச் சொல்லோணும்னு நாலு தடவ நம்பரப் போட்டு நாலு தடவையும் கட் பண்ணீட்டன்.”

மதுமதி ஓரடி முன்னால் வந்து கேட்டாள். “சித்தப்பா, அந்தப் பேரு உங்களுக்கு எங்கிருந்துங்க கெடச்சுது?”

வீரன் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். “எம் பொண்டாட்டி அப்ப முழுகாம இருந்தா சாமி. பொண்ணுதான்னு நானா முடிவு பண்ணிக்கிட்டன். ஒவ்வொரு ராடு மாட்டறப்பவும் ஒரு பேர நெனப்பன், புடிக்காது, உட்டுருவன். மாசக்கணக்கா மாட்டுனதுல இந்த ஒண்ணுதான் நிண்டுச்சு. அந்தக் கதிர்வேலு பட்டுனு கொழந்தைக்கு என்ன பேருன்னு கேட்டுப்போட்டான். எம் மனசுல வேற பேரே இல்ல.” ஒதுங்கிப் போன ஆட்டை ஒரு சத்தம் கொடுத்துத் திருப்பினான். “எனக்குப் பையன் பொறந்தான். அடுத்ததும் பையன். மூணாவதும் பையன். அந்தப் பேரு உங்க ஊட்டுல இருக்குதுன்னு கேள்விப்பட்டன். செரி, எங்கியோ ஒரு பக்கம் நல்லா இருக்கட்டும்னு இருந்துட்டன்.”

குமரகுருவிடம் கேட்க ஒரு கேள்வியும் பாக்கி இல்லை. கோபத்தைத் தேடிப் பார்த்தார், அதையும் காணோம். அம்மா உயிரோடு இருந்தால் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தார். ஒருவன் தன் மகளுக்கு எடுத்து வைத்த பெயர் என்று தெரிந்திருந்தால் அவளே கூப்பிட்டிருப்பாள் என்று தோன்றியது. 

“சாமி,” என்றான் வீரன் மதுமதியிடம், வெட்கத்தோடு. “அது எழுத்துல எப்படி இருக்கும்? நான் வாயில சொன்னதோட செரி, பாத்ததே இல்ல.”

அவள் போனை எடுத்து, திரை நிறைய வருகிற மாதிரி பெரிய எழுத்தில் போட்டுக் காட்டினாள். வீரன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். முதல் எழுத்தில் விரல் வைத்து உதட்டை அசைத்தான். கூட்டிக் கூட்டி மூன்றாம் எழுத்துக்கு வருவதற்குள் திரை அணைந்துவிட்டது. “போயிருச்சே” என்றான். அவள் மறுபடி ஏற்றிக் கொடுத்தாள். மறுபடியும் அவன் முடிப்பதற்குள் அணைந்தது.

“தாள்ல எழுதிக் குடுக்கறியா சாமி? அணையாம இருக்கும்.”

அவளிடம் பேனா இருந்தது, தாள் இல்லை. குமரகுரு மஞ்சள் பையிலிருந்து நான்காம் பாகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி நீட்டினார். அந்தப் புத்தகத்தில் யாரும் ஒரு புள்ளி வைக்கவும் அவர் விட்டதில்லை. “அடியில எடமிருக்குது பாரு, எழுது” என்றார். கதை பாதி வாக்கியத்தில் நின்றுபோன அந்தப் பக்கத்தின் கீழே மதுமதி தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். வீரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் வைத்து, நான்கு எழுத்தையும் கூட்டி முடித்தான். அவசரப்படுத்த அங்கே ஒருவரும் இல்லை.

படித்து முடித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். குமரகுரு துருப்பிடித்த கம்பியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்தத் தாளைச் சர்ரென்று கிழித்தார்.

“அண்ணா! என்னங்ணா, புத்தகத்த...”

“எனக்கு அந்தப் பக்கம் போன்ல இருக்குதுடா” என்றார். “நீ வெச்சுக்க.”

வீரன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில், போனுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.